பதினான்காவது பத்தி

கம்பெனியில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நோட்டீஸ் என்பார்கள். பதினாறு வருடமாகப் பணியாளர் பிரிவில் உட்கார்ந்து அறிவிப்பு எழுதுகிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஷிஃப்ட் மாற்றம், சைக்கிள் நிறுத்துமிடம், குழாயைச் சரியாக மூடுவது, எல்லாம் என் கைவண்ணம்தான். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் கண்ணாடி போட்ட பலகை ஒன்று இருக்கிறது. அதில் தொங்கும் ஒவ்வொரு வரியும் நான் எழுதியது. யாரும் அதை நின்று படித்து நான் பார்த்ததில்லை. அந்தக் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டு போவார்கள்.

எங்களுடையது சோப்புத் தொழிற்சாலை. அண்ணன் கலவைப் பிரிவில் ஃபோர்மேன். அப்பா போன பிறகு அவர் எட்டாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டு மிக்சர் பக்கம் போனதால்தான் நான் நாற்காலி பக்கம் வர முடிந்தது. இரண்டு பேரும் ஒரே வீடு, ஒரே பஸ். அண்ணனும் அண்ணியும் முன்னறை, நான் பின்னறை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் நான் பேச ஆரம்பித்ததும் பெண்ணின் அப்பா தூங்கிவிட்டார் என்று அண்ணி இன்னமும் சொல்லிச் சிரிப்பார். அது உண்மைதான். எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவேன்.

வீட்டில் கம்பெனிப் பேச்சு கூடாது என்பது அண்ணியின் சட்டம். "துணியில வர்ற சோப்பு வாசனையே போதும், பேச்சுல வேற அது வேணாம்" என்பார். பஸ்ஸில் அண்ணன் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார். ஆக, ஒரே கம்பெனியில் வேலை செய்யும் அண்ணனும் தம்பியும் கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே வருடக்கணக்கில் ஓட்டிவிட்டோம். அதை ஒரு சாமர்த்தியமாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் புது மிக்சர் வந்தது. பழையது அண்ணனோடு சேர்ந்து கிழடாகிப்போன இயந்திரம். அடியில் சோப்புக் கூழ் வெளியே வரும் வாய் ஒன்று உண்டு. அதில் அடிக்கடி கூழ் அடைத்துக்கொள்ளும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் உள்ளே சுற்றும் திருகு நின்றுவிடும். மறுபடி யாராவது வந்து ஓட்டும்வரை செத்த பிணம் மாதிரி கிடக்கும். வாய்க்குள் கையை விட்டுச் சுரண்டி எடுக்கலாம். ஒரு நாளைக்கு இருபது தடவை அப்படிச் செய்வார்கள்.

புது மிக்சரிலும் சிவப்புப் பொத்தான் இருந்தது, அதே உயரத்தில், அதே இடத்தில். ஆனால் அதை அழுத்தினால் திருகு ஒரு நிமிடம்தான் நிற்கும். நின்றால் கூழ் இறுகிவிடும் என்பதால் பிறகு தானாகவே ஓட ஆரம்பிக்கும். முழுதாக நிறுத்த வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கும் சாவியைத் திருப்பி வெளியே எடுத்துவிட வேண்டும். சாவி வெளியே இருக்கும்வரை யாராலும் அதை ஓட்ட முடியாது. மாற்றம் என்று பார்த்தால் இவ்வளவுதான். இயந்திரம் விற்றவர்கள் இரண்டு நாள் வந்து பாடம் நடத்தினார்கள், மேலே கண்ணாடி அறையில் இருப்பவர்களுக்கு மட்டும். கீழே கையை விடுகிற பன்னிரண்டு பேருக்கு ஒரு நோட்டீஸ் போதும் என்று முடிவானது.

நான் எழுதினேன். பாவத்தைச் சொல்லும்போது புண்ணியத்தையும் சொல்லிவிட வேண்டும்: முதலில் நன்றாகத்தான் எழுதினேன். "புது மிக்சரில் சிவப்புப் பொத்தான் போதாது. ஒரு நிமிடத்தில் தானாக ஓடும். கையை விடும் முன் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போடுங்கள்." தாளில் மூன்றே வரி.

மேனேஜர் அதை ஓரத்தில் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"என்னய்யா இது, பஸ்ல ஜேப்படி ஜாக்கிரதைன்னு எழுதின மாதிரி இருக்கு? இவ்வளவு பெரிய மெஷின் வந்திருக்கு. ஒரு மகிழ்ச்சி வேணாமா? ஒரு கௌரவம் வேணாமா?"

மகிழ்ச்சியைச் சேர்த்தேன். பிறகு அது சட்ட ஆலோசகரிடம் போனது. சிவப்புப் பொத்தான் போதாது என்ற வரியை அவர் அடித்துவிட்டார். "பொத்தான்ல குறை இருக்குன்னு நாமளே எழுதிக் கொடுக்கறதா?" என்று கேட்டார். கண்ணாடி அறைக்காரர்கள் இயந்திரத்தின் பெருமைகளைப் பட்டியலாகக் கொடுத்தார்கள். இப்படியே ஒன்பது நாளில் அது இரண்டரைப் பக்கம் ஆனது, பத்தொன்பது பத்தி. "நமது நிறுவனத்தின் வளர்ச்சிப் பாதையில்" என்று தொடங்கியது. பதினான்காவது பத்தியில் இந்த வாக்கியம் வந்தது: "இயக்க அனுமதிச் சாதனம் உரிய இடத்திலிருந்து விலக்கப்பட்ட பின்னரே உட்புறப் பணிகள் மேற்கொள்ளப்படுவது விரும்பத்தக்கது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். நான் சாவியை மறைத்தேன். அதிலும் அந்த 'இயக்க அனுமதிச் சாதனம்' இருக்கிறதே, அது மேனேஜர் சொன்னதல்ல, வக்கீல் சொன்னதல்ல. நானே யோசித்துப் போட்டது. சாவி என்று எழுதினால் பெட்டிக்கடை மாதிரி இருக்கிறது என்று எனக்கே தோன்றிவிட்டது. "இப்பதான்யா நடை வந்திருக்கு" என்று மேனேஜர் என் தோளைத் தட்டினார். அன்றைக்கு முழுக்க எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி.

எங்கள் கம்பெனியில் நோட்டீஸ் ஒரு வழியாகவும் கையெழுத்துத் தாள் வேறு வழியாகவும் போகும். நோட்டீஸ் நேராகப் பலகைக்கு. கையெழுத்துத் தாள் பிரிவு பிரிவாகச் சுற்றும். அதன் தலைப்பில் 'மேற்கண்ட அறிவிப்பைப் படித்துப் புரிந்துகொண்டேன்' என்று இருக்கும். மேலே பார்த்தால் வெற்றுத் தாள்தான் இருக்கும். நூலில் கட்டிய ஒரு பேனாவும் கூடவே போகும். ஃபோர்மேன் முதலில் போடுவார். அவர் போட்டுவிட்டால் மற்றவர்கள் வரிசையாகக் கீழே போடுவார்கள். எத்தனையோ வருடமாக இதுதான் வழக்கம். யாரும் ஏமாற்றவில்லை, யாரும் ஏமாறவுமில்லை. கையெழுத்து கேட்டார்கள், போட்டார்கள்.

மிக்சர் நின்றிருந்த டீ இடைவேளையில் அந்தத் தாளைக் கலவைப் பிரிவுக்குக் கொண்டுபோனது நான்தான். குட்டையன் என்று ஒருவன், அண்ணனிடம் வேலை கற்றவன், பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அண்ணே, என்னதான் போட்டிருக்கு இதுல?"

"என் தம்பி எழுதினதுடா. அவன் எழுதினதை நான் வேற சரிபார்க்கணுமா?" என்று அண்ணன் எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். குட்டி குட்டியாக, ஒவ்வொரு எழுத்தையும் தனியாக எழுதுவார் அவர்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். 'அண்ணே, சாவியை எடுத்துட்டுக் கையை விடுங்க' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? எனக்கு அது தோன்றவே இல்லை. எழுதிவிட்டேன், அதனால் சொல்லிவிட்டேன் என்றே நம்பினேன். அண்ணன் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னதில் என் முகம் மலர்ந்திருந்தது. தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கையெழுத்துப் போட்ட பன்னிரண்டாம் நாள் காலை பத்தே காலுக்கு அண்ணன் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு வாய்க்குள் கையை விட்டார். மற்ற நாளில் அரை நிமிடத்தில் சுரண்டி முடித்து அவர்களே ஓட்டிவிடுவார்கள். அன்றைக்குக் கூழ் கொஞ்சம் கெட்டியாக அடைத்திருந்தது. சுரண்ட ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது.

வலது கை. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. எனக்குச் செய்தி வந்தபோது கழிவறைச் சுத்தம் பற்றி ஒரு நோட்டீஸ் எழுதிக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து விசாரணை. விஷயம் எளிது. நோட்டீசில் குறை என்று முடிவானால் அண்ணனுக்கு ஒரு கையால் செய்கிற மாற்று வேலை தர வேண்டும். அவருடைய கவனக்குறைவு என்று முடிவானால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. மிக்சரைத் தவிர அவருக்கு வேறு ஒன்றும் தெரியாது.

என் முதல் மூன்று வரித் தாள் கோப்பில் இருந்தது. ஓரத்தில் மேனேஜரின் கையெழுத்தில் 'மகிழ்ச்சி சேர்க்கவும்' என்று குறிப்பு. அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். காட்டினால் என் வேலை போகும் என்று தெரியும். காட்டத்தான் போகிறேன் என்று காலையில் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன். அண்ணி சோப்புப் பெட்டியை எடுத்து வைக்கிற சாக்கில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, நடந்தது நடந்துபோச்சு. ரெண்டு பேருமா சேர்ந்து வெளிய வந்து நிக்கற மாதிரி பண்ணிடாதீங்க."

விசாரணை அறையில் என்னை எங்கே உட்கார வைத்தார்கள் தெரியுமா? நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிற மேசையில். கம்பெனியில் எழுதுகிறவன் நான் ஒருவன்தானே. மேனேஜர், சட்ட ஆலோசகர், பாதுகாப்பு அதிகாரி மூவரும் எதிரே. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?" என்றார் சட்ட ஆலோசகர்.

"ஆமா சார்."

"அறிவிப்பைப் படிச்சீங்களா? புரிஞ்சுதா? உண்மையைச் சொல்லுங்க. புரியலைன்னா புரியலைன்னு சொல்லலாம். எழுதினவரை விசாரிச்சுக்கறோம்."

அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஜன்னல் உடைந்த அன்று வாத்தியார் முன்னால் நின்றுகொண்டு என்னை அப்படித்தான் பார்த்தார். உடைத்தது நான். அடி வாங்கியது அவர்.

"படிச்சேன் சார். நல்லாப் புரிஞ்சுது. என் கவனக்குறைவுதான்."

சட்டைப் பையில் தாள் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அண்ணி சொன்னது, அண்ணனுக்கு மரியாதை, வீட்டு நிலைமை என்று இதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். பயம்தான், வேறொன்றுமில்லை. குனிந்து எழுதினேன்: "அறிவிப்பைப் படித்ததாகவும், அது தெளிவாகப் புரிந்ததாகவும், விபத்துக்குத் தன் கவனக்குறைவே காரணம் என்றும் அவர் கூறினார்." பதினாறு வருடத்தில் நான் எழுதிய வாக்கியங்களிலேயே யாரும் ஒரு திருத்தமும் சொல்லாதது அதுதான்.

அண்ணனை வேலையிலிருந்து விடுவித்தார்கள். நோட்டீசில் குறை இல்லை என்று தீர்மானம் எழுதப்பட்டது. அதையும் நான்தான் எழுதினேன்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார். அண்ணி அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த நோட்டீஸ் உங்கிட்ட ஒண்ணு இருக்கும்ல? எடுத்துட்டு வா. படிச்சுக் காட்டு."

"இப்ப எதுக்குண்ணே?"

"நான் படிக்காம போட்ட கையெழுத்து. படிச்சிருந்தா கை தப்பிச்சிருக்கும். ராத்திரியெல்லாம் அதேதான் ஓடுது. என்னதான் இருந்துச்சுன்னு ஒரு தடவை கேட்டுடறேன்."

அண்ணி தன் சட்டத்தை நினைவுபடுத்தவில்லை. நான் படித்தேன். வளர்ச்சிப் பாதை, மகிழ்ச்சி, இயந்திரத்தின் பதினோரு சிறப்புகள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி உதட்டை அசைத்துக்கொண்டு கேட்டார். பதினான்காவது பத்தி வந்தது. என் குரல் இறங்கியது. அண்ணன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பதினைந்து, பதினாறு, கடைசியில் 'தங்கள் மேலான ஒத்துழைப்பை நாடும்' வரை படித்து முடித்தேன்.

"விசாரணையில சாவி சாவின்னாங்களே, அதைப் பத்தி எங்கடா வருது?" என்றார்.

"வந்துடுச்சுண்ணே."

"எங்க?"

திரும்பப் படித்துக் காட்டினேன். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"இதுல சாவி எங்க இருக்கு?"

"இயக்க அனுமதிச் சாதனம்னா சாவிண்ணே."

அண்ணி பொத்தானை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. அண்ணன் அந்த வார்த்தைகளை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு அவர் முகம் இளகியது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அப்ப படிச்சிருந்தாலும் கை போயிருக்கும்" என்றார் அண்ணியிடம், ஏதோ நல்ல சேதி சொல்கிற மாதிரி. "கேட்டியா? நான் படிக்காததால போகலை. படிச்சிருந்தாலும் போயிருக்கும்."

நான் அழுதேன். நாற்பத்தைந்து வயதில், நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அண்ணன் என்னைச் சமாதானப்படுத்த வாயெடுத்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"டேய், இதை மாத்திட்டாங்கதானே?"

"எதை?"

"இந்த நோட்டீசை. மத்தவங்களுக்குப் புரியற மாதிரி வேற போட்டாச்சுல்ல?"

பலகையில் அதே இரண்டரைப் பக்கம்தான் தொங்குகிறது என்று சொன்னேன். நோட்டீசில் குறை இல்லை என்று தீர்மானம் ஆகிவிட்டதால் மாற்ற முடியாது. மாற்றினால் முன்பு குறை இருந்தது என்று ஆகிவிடும். அப்படித் தீர்மானம் ஆனதற்குக் காரணம், படித்தவர் தெளிவாகப் புரிந்தது என்று சொன்னது. இதைச் சொல்லி முடிக்கும்போதே அண்ணன் கட்டிலை விட்டு எழுந்துவிட்டார். ஊன்றிக்கொள்ள வலது கையை நீட்டி, வலியில் பல்லைக் கடித்தார்.

"இப்ப மிக்சர்ல யாரு?"

"மாலை ஷிஃப்ட். குட்டையன்."

"போன் போடு."

"உள்ள போன் கொண்டுபோக விட மாட்டாங்கண்ணே."

"அப்ப நீ போ. போய் வாயால சொல்லு. எதையும் எழுதாத. வாயால சொல்லு."

ஓடினேன். பஸ்ஸுக்கு நிற்காமல் ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் அந்த மூன்று வரியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஆட்டோக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். கம்பெனி கேட்டில், நான் நோட்டீஸ் என்பதால் உள்ளே விட்டுவிட்டார்கள்.

மிக்சர் ஓடும்போது கலவைப் பிரிவில் பேச்சுக் கேட்காது. எல்லோரும் காதில் பஞ்சு அடைத்திருப்பார்கள். குட்டையன் மிக்சரின் வாய்ப் பக்கம் குந்தி உட்கார்ந்திருந்தான், கையில் சுரண்டி. இரண்டு கையும் முழுதாக இருந்தது. அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தான்.

"என்ன நோட்டீஸ் சார், இந்நேரத்துல? அண்ணன் எப்படி இருக்காரு?"

"சிவப்புப் பொத்தான் போதாதுடா!" என்று கத்தினேன். "தானா ஓடும்! ஒரு நிமிஷத்துல தானா ஓடும்!"

அவன் புரிந்த மாதிரி தலையை ஆட்டினான்.

"தெரியும் சார். அண்ணன் ஒரு தடவைதான் அழுத்தியிருக்காரு, அதான் சரியா நிக்கலை. கவனக்குறைவுன்னு விசாரணையிலயே வந்துச்சே. நாங்க இப்பல்லாம் ரெண்டு தடவை அழுத்தறோம்."

"ரெண்டு தடவை இல்லைடா. சாவி! கையை விடறதுக்கு முன்னாடி சாவியை எடு! எடுத்துப் பையில போடு!"

குட்டையன் சாவியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மேலே கண்ணாடி அறையையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். பதினாறு வருடமாக நான் ஒரு விஷயத்தையும் வாயால் சொல்லி அவன் கேட்டதில்லை. கம்பெனிச் சாவியைக் கழற்றிச் சொந்தச் சட்டைப் பையில் போடச் சொல்கிற மனிதனை அவன் எப்படி நம்புவான்? அவன் முகத்தில் கோபம் இல்லை. மரியாதை இருந்தது, கொஞ்சம் இரக்கமும் இருந்தது.

"அண்ணனுக்கு இப்படி ஆனதுல நீங்க ரொம்ப ஒடைஞ்சு போயிட்டீங்க சார். வீட்டுக்குப் போங்க" என்றான். "அப்படி ஏதாவது மாத்தம் இருந்தா ஒரு நோட்டீஸ் போட்டுடுங்க. நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

பஞ்சைத் திரும்பக் காதில் அடைத்துக்கொண்டு சிவப்புப் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினான்.